இணங்காமை எண் ஏழு

வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் சுற்றுச்சூழல் கொள்கை.
ஆலோசகர் வேறு யாருக்கோ எழுதியதை
அப்படியே எங்களுக்கும் கொடுத்திருக்கிறார்:
"எமது தோட்டத்து நீரோடைகளைக் காப்போம்"
என்கிறது நான்காம் வரி.
மணலியில், பழைய பீப்பாய் கழுவும் பட்டறையில்
எந்தத் தோட்டம், எந்த நீரோடை?
மூன்று வருடம் அதன் கீழே கைரேகை வைத்துத்தான் உள்ளே போனோம்.
படித்தவள் நான் ஒருத்தி.
படித்த குற்றத்துக்குக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

அம்சம், தாக்கம், சட்டத் தேவை.
கட்டம் போட்டு நிரப்பச் சொன்னார்கள்.
காஸ்டிக் தண்ணீர். வண்டல். உரிந்த பெயின்ட்டின் தோல்.
ஃபோர்க்லிஃப்ட் சொட்டும் எண்ணெய்.
ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்.
காற்றுக்கு மூன்று போட்டேன்.
மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு
நான்காகத் திருத்தினேன்.
மழைநீர் வடிகால் வால்வு: எப்போதும் மூடியிருக்கும்.
அதையும் நான்தான் எழுதினேன்,
போய்ப் பார்க்காமல்.

ஆவணியில் ஆடிட்டர் வந்தார். ஷகீரா பேகம்.
காபி வேண்டாம் என்று நேரே பின்பக்கம் நடந்தார்.
வடிகாலை ஒட்டிய சுவரெல்லாம் சாக்பீஸ் கோடுகள்.
சில கோட்டின் தலையில் ஒரு மீன்.
"இது என்ன?"
ஒப்பந்த ஆள் தனகோட்டி, எர்ணாவூர்,
பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொன்னார்:
"வால்வு தொறந்த நாளுக்கு ஒரு கோடு மேடம்.
மீன் செத்து மெதந்தா மீன் போடுவேன்.
கால்வா எங்க வூட்டாண்டதான் போவுது."

முப்பத்தொரு கோடு. நான்கு மீன்.
என் பதிவேட்டில் அதே நாட்கள்
மூடியது மூடியது மூடியது,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
பட்டறை திறக்காத பொங்கலன்றும்.

ஷகீரா எழுதிய காகிதத்தில் ஏழாம் எண் என்னுடையது.
மூல காரணம் காண ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும்.
ஏன் திறந்தது? சாவி வாட்ச்மேன் மேசையில்.
ஏன் அங்கே? ராத்திரி ஷிஃப்ட் கேட்டால் கொடுக்க.
ஏன் கேட்கிறார்கள்? தொட்டி வழிகிறது.
ஏன் வழிகிறது? சுத்திகரிப்பு பம்ப் பத்து மணிக்கு நின்றுவிடும்,
கரண்ட் பில்.
ஏன்
என்று எழுதிவிட்டு மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தேன்.
எபினேசர் சார் படிவத்தை வாங்கி
ஐந்தாவது ஏனுக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.
விளக்கம் இல்லை. கையெழுத்து மட்டும்.

பம்ப் இரவிலும் ஓடத் தொடங்கியது.
வால்வுக்குப் புதுப் பூட்டு, சாவி என் கைப்பையில்.
தோட்டத்து நீரோடையை அடித்துவிட்டு
பக்கிங்காம் கால்வாய் என்று அச்சிட்டபோது
வரி நீண்டு இடித்தது.
சட்டத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.
சான்றிதழ் வந்த அன்று லட்டு.

பிறகு கார்த்திகைப் புயல்.
இரவு ஒன்றே முக்காலுக்குத் தனகோட்டி போனில்:
"வால்வு மூடித்தான் கீது. கால்வாக்கு ஒரு சொட்டு போவல.
அல்லாம் உள்ளயே நிக்குது.
முட்டி வரைக்கும். எரியுது."

சாவி என்னிடம். சாவி இருந்தும்
திறந்தால் எர்ணாவூர், மூடினால் இந்தக் கால்.
"வேலைய நிறுத்துங்க. எல்லாரையும் கூட்டிட்டு லோடிங் மேடைல ஏறுங்க."
"யார் சொன்னான்னு கேட்டா?"
"நான். எழுத்துல தரேன்."

காலையில் சுவரில், தண்ணீர் நின்ற கறைக்கு மேலே
புதிதாக ஒரு கோடு. தலையில் மீன் இல்லை.
ஒரு பாதம்.
எண் எட்டு என்று பக்கம் திறந்தேன்.
தாக்கம் என்ற கட்டத்தில் சொல் வரவில்லை,
பார்த்து வரைந்தேன்.
மதிப்பெண்ணைக் காலியாக விட்டு
அளவு நாடாவை எடுத்துக்கொண்டு
பின்பக்கம் போனேன்.